சாவி மட்டும் இரகசியம்



யார் நினைவாக நாம் இன்று இந்த நூலகத்தில் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், தம் பணிக்காலம் முழுவதையும் தந்தி அலுவலகத்தில் கழித்தவர். என்னைப் பேச அழைத்தபோது அவருடைய மகள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "தலைப்பு உங்கள் விருப்பம். ஆனால் வந்தவர்கள் தேடிப் படிக்க நாலு புத்தகமாவது சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். தந்திக்காரர் நினைவில் பேசுவதற்குச் சங்கேதங்களையும் மறையெழுத்தையும் பற்றிய புத்தகங்களைவிடப் பொருத்தமானவை எனக்குத் தோன்றவில்லை.

தலை நரைத்தவர்களுக்கு வாழ்த்துத் தந்தி நினைவிருக்கும். கல்யாண வீட்டுக்குத் தந்தி கொடுக்கப் போனால் வாசகம் எழுத வேண்டியதில்லை. அச்சிட்ட வாசகங்களுக்கு எண்கள் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும். கம்பியில் எண் போகும், மறுமுனையில் இருப்பவர் அதற்குரிய வாழ்த்தை எழுதிக் கொடுப்பார். 2013 ஜூலையில் தந்திச் சேவையோடு அதுவும் முடிந்தது. இது ஒரு சங்கேதம். இதில் இரகசியம் எதுவும் கிடையாது, சுருக்கம்தான் நோக்கம். கர்நாடக இசையில் ராகப் பெயரின் எழுத்துகளை எண்ணாகப் படிக்கும் கடபயாதியும் அப்படியே. மாயாமாளவகௌளை என்ற பெயரில் மா ஐந்து, யா ஒன்று. திருப்பிப் போட்டால் பதினைந்தாவது மேளகர்த்தா. யாரிடமிருந்தும் எதையும் மறைக்க இதை யாரும் செய்யவில்லை.

மறைப்பதற்கென்றே ஒன்று வேண்டுமானால் நம் இலக்கணத்தில் குழூஉக்குறி இருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் படித்தோம். எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்குப் புரியாமல் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி அது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவதும் இதே குடும்பம். சொல்லுக்குப் பதில் வேறு சொல்லோ அடையாளமோ வைத்தால் அது சங்கேதம். எழுத்துக்குப் பதில் எழுத்தை வைத்தோ, எழுத்துகளைக் கலைத்துப் போட்டோ மறைத்தால் அது மறையெழுத்து. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகும் புத்தகங்கள் எதுவும் மிரட்டாது.

முதலில் கையில் எடுக்க வேண்டியது சைமன் சிங் எழுதி 1999இல் வெளிவந்த 'தி கோட் புக்'. பஞ்சாபிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர், இயற்பியல் படித்தவர். எனக்குத் தெரிந்த அறிவியல் நூல்களில் இவ்வளவு தெளிவாகப் படிக்கட்டு கட்டிக் கொடுத்தவை குறைவு. ஒவ்வோர் உத்தியையும் ஒரு மனிதரின் உயிர் போகும் கதைக்குள் வைத்துச் சொல்கிறார். முதல் கதையே ஸ்காட்லாந்து அரசி மேரியுடையது.

இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் சிறையில் இருந்த மேரிக்குக் கடிதங்கள் பீர் பீப்பாயின் அடைப்பானுக்குள் ஒளித்து வந்தன. ஆந்தனி பாபிங்டன் என்ற இளைஞர் எலிசபெத்தைக் கொன்று மேரியை அரியணை ஏற்றச் சதி செய்துகொண்டிருந்தார். கடிதங்கள் எல்லாம் மறையெழுத்தில் இருந்தன. எழுத்துகளுக்கு ஒவ்வொரு குறி, அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிக் குறி, படிப்பவரைக் குழப்பப் பொருளற்ற சில குறிகள். ஆனால் கடிதம் கொண்டுவந்தவனே உளவாளி. ஒவ்வொரு கடிதமும் அமைச்சர் வால்சிங்கத்தின் மேசை வழியாகத்தான் போனது. அங்கே தாமஸ் ஃபெலிப்ஸ் என்பவர் உட்கார்ந்து குறிகளை எண்ணிப் படித்துவிடுவார். 1586 ஜூலையில் சதிக்கு இசைவு தெரிவித்து மேரி எழுதிய கடிதத்தைப் படித்ததும் அதன் மேல் ஒரு தூக்குமரம் வரைந்தாராம் ஃபெலிப்ஸ். அத்தோடு நிற்கவில்லை. அதே குறிகளில் ஒரு பின்குறிப்பைத் தாமே எழுதிச் சேர்த்து, கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டு பாபிங்டனுக்கு அனுப்பிவைத்தார். 1587 பிப்ரவரி 8 அன்று மேரியின் தலை துண்டிக்கப்பட்டது.

இந்தக் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்றே உறுத்துகிறது. மறையெழுத்தே இல்லாதிருந்தால் மேரி அந்தக் கடிதத்தை அப்படி எழுதியிருக்க மாட்டார். பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மனத்தைத் திறந்து வைத்தார்.

குறிகளை எண்ணிப் படிக்கும் வித்தை ஃபெலிப்ஸுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்ற மெய்யியலாளர் எழுதிவைத்தது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அதிகம் வரும், சில அரிதாகத்தான் வரும். மறையெழுத்திலும் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும். எண்ணிப் பார்த்தால் முகமூடி கழன்றுவிடும். எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தி கோல்ட் பக்' கதையும், ஆடும் பொம்மைகளைக் கொண்டு கோனன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதையும் இந்த ஒரே வித்தையில் நிற்பவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றிலிருந்து தொடங்கலாம். எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துப் பேசி விளையாடிய பிள்ளைகளுக்கு அவை உடனே பிடித்துப்போகும்.

ஆனால் இந்த நூல்கள் எல்லாம் இருபத்தாறு எழுத்துகளின் கதை. ஆங்கிலத்தில் 'ஈ' அதிகம் வரும் என்று படித்துத் தலையாட்டிவிட்டுப் போனால் வித்தை கைக்கு வராது. நம் மொழியில் செய்து பார்க்க வேண்டும். ஒரு சின்ன மறையெழுத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். உரையின் பிரதி வைத்திருப்பவர்கள் பார்க்கலாம்:

வாளை பாரை வூரதப் நலுத

முதல் இரண்டு சொற்களைப் பார்த்ததும் மீன் கடை நினைவு வரும். அதை நம்பாதீர்கள். நான் செய்தது இவ்வளவுதான்: மெய்களில் சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தேன். உயிர்க்குறிகளைத் தொடவில்லை. எந்த மெய் எந்த மெய்யோடு இணை என்பது மட்டும் சொல்லமாட்டேன்.

நான்கே சொற்கள். எண்ணிப் பார்த்துப் பயனில்லை. ஆனால் தொல்காப்பியமும் நன்னூலும் இருக்கின்றன. மூன்றாம் சொல்லைப் பாருங்கள். 'வூ' என்று தமிழ்ச்சொல் தொடங்காது. வகரம் உகர ஊகாரத்தோடு மொழிக்கு முதலில் வராது. 'ப்' என்று சொல் முடியவும் முடியாது. சொற்களுக்கு நடுவே ஒற்று மிகுந்திருக்கிறதோ என்றால், அடுத்த சொல் பகரத்தில் தொடங்கவில்லை. ஆக அந்த ப் வேறொன்றின் வேடம். தமிழில் சொல்லின் கடைசியில் நிற்கத் தகுதியுள்ள மெய்கள் சிலவே. அவற்றில் மகரம் எங்கும் கண்ணில் படும். ப் என்பதை ம் என்று வைத்துப் பாருங்கள். இணை என்றால் பகரம் வரும் இடமெல்லாம் மகரம். இரண்டாம் சொல் 'மா'வில் தொடங்கி 'ஐ'யில் முடிகிறது. நடுவில் உள்ள ரகரம் லகரமானால் மாலை. அந்த லகரத்தை மூன்றாம் சொல்லில் இடுங்கள். நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மீதி உங்களுக்கு.

தமிழாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யவைக்கிறோமே, அவை ஒவ்வொன்றும் மறையெழுத்து உடைப்பவரின் கையில் ஆயுதம். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்று இவ்வளவு நுட்பமாக வகுத்துவைத்த மொழியில் மறையெழுத்து பற்றி ஒரு நல்ல அறிமுக நூல் எழுதுவது எவ்வளவு சுகமான வேலை! மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்ட எழுத்தாளர் சுஜாதா நம்மிடையே இருந்தார். அவர் நடையில் இதைப் படிக்கும் பேறு வாய்த்திருக்கலாம். இன்றைய மாணவர் ஒருவராவது இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மனமார்ந்த விருப்பம்.

நான் செய்த மறையெழுத்தில் இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். முறையைச் சொல்லிவிட்டேன், இணைகளைச் சொல்லவில்லை. 1883இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் இதைத்தான் விதியாக வைத்தார். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் கேடு வரக் கூடாது. சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். என் பூட்டு மட்டமானது, ஆகவே உடைந்தது. நல்ல பூட்டு என்றால் ஊரே கூடிப் பரிசோதித்தும் உடையாதது. ஆகவேதான் பூட்டுகளைப் பற்றிய அறிவு ஊருக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். அரசுகளும் இராணுவங்களும் அதை நீண்ட காலம் ஒப்பவில்லை. ஒப்ப வைத்தவை புத்தகங்கள்.

டேவிட் கான் ஒரு பத்திரிகையாளர். 1967இல் 'தி கோட்பிரேக்கர்ஸ்' என்ற ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட நூலை வெளியிட்டார். வெளிவராமல் தடுக்க அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை முயன்றது, முடியவில்லை. அதை ஒரே மூச்சில் படிக்கச் சொல்லமாட்டேன். வீட்டில் வைத்துக்கொண்டு வேண்டிய அத்தியாயத்தைப் புரட்டும் நூல் அது. ஆனால் ஒருவர் அதை வரி விடாமல் படித்தார். விட்ஃபீல்ட் டிஃபி என்ற அந்த இளைஞரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிக நெருக்கமான நூல் வேறு. லியோ மார்க்ஸ் எழுதிய 'பிட்வீன் சில்க் அண்ட் சயனைடு'. அவருடைய தந்தை லண்டனில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். முகவரி 84, சேரிங் கிராஸ் ரோடு. ஹெலீன் ஹான்ஃபின் புத்தகத்தால் உலகத்துக்கே தெரிந்த கடை. எட்டு வயதுச் சிறுவன் அந்தக் கடையில் 'தி கோல்ட் பக்' படித்தான். படித்த கையோடு, அப்பா புத்தகங்களின் உள்ளட்டையில் கொள்முதல் விலையைச் சங்கேத எழுத்துகளில் குறித்துவைத்திருந்ததைக் கண்டுபிடித்து உடைத்துவிட்டான். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் விலைச்சீட்டின் மூலையில் இப்படி எழுத்துகள் இருக்கும். எண்ணுக்கு எழுத்து வைத்து வாங்கிய விலையை எழுதுவார்கள். சிறுவயதில் அதை முறைத்துப் பார்த்து நின்றவன் நான். ஆகவே அந்தப் பக்கத்தைப் படித்தபோது மார்க்ஸை என் தெருக்காரராகவே உணர்ந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் மார்க்ஸ், எதிரி பிடித்துவைத்திருந்த நாடுகளுக்குள் ஆள் இறக்கும் பிரிட்டிஷ் இரகசிய அமைப்பின் சங்கேதப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அங்கே ஒவ்வோர் உளவாளியும் ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு அதன் சொற்களைச் சாவியாகப் பயன்படுத்தினார். பிரபலமான கவிதை என்றால் எதிரி புத்தகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். ஆகவே மார்க்ஸ் தாமே புதிதாகக் கவிதைகள் எழுதிக் கொடுத்தார். காதலியின் மரணத்தில் எழுதிய ஒரு கவிதையை வயலெட் சாபோ என்ற பெண்ணுக்குச் சாவியாகக் கொடுத்தார். அந்தப் பெண் 1945இல் ராவன்ஸ்புரூக் முகாமில் கொல்லப்பட்டார். மனப்பாடம் செய்த சாவியைச் சித்திரவதையால் பிடுங்கிவிடலாம். அதனால் பட்டுத்துணியில் சாவிகளை அச்சிட்டுத் தரப் போராடினார் மார்க்ஸ். சட்டையின் உள்துணியில் தைத்துக்கொள்ளலாம், தடவிப் பார்த்தால் சரசரக்காது, பயன்படுத்திய வரியை வெட்டி எரித்துவிடலாம். வெட்டியதை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஆகவே யாரும் காட்டிக்கொடுக்கவும் முடியாது.

அந்த நூலில் நெஞ்சை அடைக்கும் பகுதி ஹாலந்து பற்றியது. பயத்திலும் அவசரத்திலும் எழுதுகிற உளவாளிகள் பிழை செய்வார்கள். பிரிக்க முடியாத செய்திகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பிரிக்க இளம்பெண்கள் இரவு பகலாக உட்கார்ந்திருப்பார்கள். ஹாலந்திலிருந்து வந்த செய்திகளில் மட்டும் பிழையே இல்லை. எல்லோரும் மகிழ்ந்தார்கள்; மார்க்ஸ் நடுங்கினார். பிழையில்லாமல் எழுத நிதானமும் நேரமும் உள்ளவர்கள் யார்? பிடிபட்டவர்களின் சாவியைக் கைப்பற்றி ஜெர்மானியர்களே எழுதுகிறார்கள் என்று அவர் ஊகித்தார். மேலதிகாரிகள் காதில் அது ஏறவில்லை. மேலும் மேலும் ஆட்கள் வானிலிருந்து குதித்து நேரே எதிரியின் கையில் விழுந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. எண்ணிக்கையும் அட்டவணையும் நிறைந்த ஒரு தொழிலில், இல்லாத பிழையைப் படிக்கத் தெரிந்த ஒரு மனம் இருந்தது என்பதற்காகவே இந்த நூலை எல்லோர் கையிலும் கொடுக்க விரும்புகிறேன்.

அதே போரில் ஜெர்மானியர்கள் பயன்படுத்திய எனிக்மா என்ற மறையெழுத்து இயந்திரம் பற்றி நிறைய நூல்கள் உள்ளன. ஒன்று போதும்: ஆண்ட்ரூ ஹாட்ஜஸ் 1983இல் எழுதிய, அதை உடைத்தவர்களுள் ஒருவரான ஆலன் டூரிங்கின் வாழ்க்கை வரலாறு. கனமான நூல், பொறுமை கேட்கும், கொடுத்த பொறுமைக்கு மேல் திருப்பித் தரும். டூரிங்கின் தாயார் நம் போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தை மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. போரில் எத்தனையோ உயிர்களைக் காத்தவரை, அவர் ஓர் ஆணை நேசித்தார் என்பதற்காக அவருடைய நாடு தண்டித்தது. அதை ஹாட்ஜஸ் மழுப்பாமல் எழுதுகிறார். எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்துக்காரர்கள் என்பதையும் மறக்கலாகாது. மரியன் ரெயெவ்ஸ்கி 1932இலேயே கணிதத்தால் அதைத் திறந்தார். 1939 ஜூலையில், போர் மூள்வதற்குச் சில வாரங்கள் முன்பு, தங்களிடமிருந்த எல்லாவற்றையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

டிஃபிக்கு வருகிறேன். ஸ்டீவன் லெவி 2001இல் எழுதிய 'கிரிப்டோ' அவரைப் பற்றியும் அவரோடு சேர்ந்தவர்களைப் பற்றியும் சொல்கிறது. காலங்காலமாக மறையெழுத்துக்கு ஒரு தீராத தொல்லை: பேசிக்கொள்ளும் இருவரும் முன்கூட்டியே சந்தித்துச் சாவியைப் பகிர்ந்தாக வேண்டும். முன்பின் அறியாத இருவர் ஊரறியப் பேசியே இரகசியம் காக்க முடியுமா? 1976இல் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் முடியும் என்று காட்டினார்கள். இதை விளக்கக் கோயில் உண்டியலைச் சொல்வேன். காணிக்கை போட யாருக்கும் சாவி தேவையில்லை. வாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எடுக்கத்தான் சாவி வேண்டும், அது பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கும். செய்திக்கும் அப்படி ஓர் உண்டியல் செய்யலாம் என்பதுதான் அந்த எண்ணம்.

அந்த உண்டியலை எண்களால் செய்து முடித்தவர்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன். இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கியதைப் பிரிப்பது கடினம்; அந்தப் பகா எண்களே சாவி. ஸ்டான்லி ஜெவன்ஸ் 1874இலேயே இதைச் சுட்டியிருக்கிறார். 8616460799 என்பது எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டு, தம்மைத் தவிர யாருக்கும் அது தெரியவரப் போவதில்லை என்றும் கருதினார். 89681, 96079 என்று இன்று கைப்பேசி நொடியில் சொல்லிவிடும். ஆனால் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கணினிகளும் திணறும். மார்ட்டின் கார்ட்னர் 1977 ஆகஸ்டில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் தம் பத்தியில் இதை உலகுக்குச் சொன்னபோது 129 இலக்க எண் ஒன்றில் பூட்டிய செய்தியையும் வெளியிட்டார். பரிசு 100 டாலர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1994இல், இணையத்தில் சேர்ந்த சுமார் அறுநூறு தன்னார்வலர்களின் கணினிகள் பல மாதங்கள் உழைத்து அதைத் திறந்தன. அதே கார்ட்னர் சிறுவர்களுக்காக 1972இல் எழுதிய 'கோட்ஸ், சைஃபர்ஸ் அண்ட் சீக்ரெட் ரைட்டிங்' சிறிய நூல், பென்சிலும் தாளும் போதும்.

பிரிட்டனின் அரசு உளவு நிறுவனத்தில் ஜேம்ஸ் எல்லிஸும் கிளிஃபர்ட் காக்ஸும் இந்த உண்டியல் கணிதத்தைச் சில ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். இரகசியம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 1997 டிசம்பரில் உண்மை வெளியிடப்பட்டது. எல்லிஸ் அதற்கு முந்தைய மாதம் காலமாகியிருந்தார். சைமன் சிங் இந்தக் கதையை மரியாதையோடு சொல்கிறார்.

அச்சிட்ட புத்தகத்துக்கு இந்த வரலாற்றில் ஒரு வீரச்செயலும் உண்டு. பில் சிம்மர்மன் 1991இல் சாதாரண மக்கள் பயன்படுத்தும்படி ஒரு மறையாக்க மென்பொருளை எழுதினார். வலுவான மறையாக்கத்தை அமெரிக்கச் சட்டம் அப்போது ஆயுதமாகக் கருதியது. ஏற்றுமதி செய்தால் குற்றம். ஆனால் புத்தகத்தை யாரும் தடுக்க முடியாது. 1995இல் மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் எம்.ஐ.டி. பதிப்பகம் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது.

இன்று உங்கள் பையில் இருக்கும் கைப்பேசி, பால்காரருக்குப் பணம் அனுப்பும்போதும் பேரனோடு பேசும்போதும் இந்தக் கணிதத்தைச் செய்துகொண்டே இருக்கிறது. பூட்டு உறுதியானது. ஆனால் என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரலை நம்பி ஓ.டி.பி. எண்ணை வாசித்துக் காட்டினார். ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பங்கு போயிற்று. கணிதம் தோற்கவில்லை; சாவியை அவரே நீட்டிவிட்டார். இதை முழுதாகப் புரிந்துகொள்ள புரூஸ் ஷ்னையர் 2000இல் எழுதிய 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' நூலைப் படியுங்கள். கணிதமே எல்லோரையும் காத்துவிடும் என்று தாம் முன்பு எழுதியது பிழை என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குகிறார். சமன்பாடு இல்லாத நூல். குடும்பத்தில் பணவிவகாரம் பார்ப்பவர் யாரும் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று. மைசீனிய கிரேக்கர்களின் 'லீனியர் பி' எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்த கதையை அவருடைய கூட்டாளி ஜான் சாட்விக் 1958இல் மெலிந்த ஒரு நூலாக எழுதினார். அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. காலம்தான் சாவியைத் தொலைத்தது. வென்ட்ரிஸுக்கு முன்பே ஆலிஸ் கோபர் என்ற பேராசிரியை சொற்களின் இறுதி மாறும் விதத்தை ஆயிரக்கணக்கான சீட்டுகளில் குறித்து வழியமைத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் நம் ஐராவதம் மகாதேவன் நினைவுக்கு வருகிறார். சிந்து எழுத்துகளை 417 குறிகளாக வகுத்து, எந்தக் குறியை அடுத்து எது வருகிறது என்று கணினி உதவியோடு தொகுத்து 1977இல் வெளியிட்டார். அந்தச் சாவி இன்னும் கிடைக்கவில்லை. அவருடைய தொகுப்பு கன்னிமாராவிலோ பல்கலைக்கழக நூலகத்திலோ கிடைத்தால் அரை மணி நேரம் புரட்டிப் பாருங்கள். அது படிக்கும் நூலாக இருக்காது, பார்க்கும் நூலாக இருக்கும்.

நான் சொன்ன நூல்களில் என்னிடம் உள்ளவற்றை வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். நூலகம் அவற்றை ஏற்றுக்கொள்ள இசைந்திருக்கிறது. 'தி கோட் புக்' பிரதி நான் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அதன் கடைசிப் பக்கத்தின் மேல் மூலையில் கடைக்காரர் பென்சிலில் மூன்று எழுத்துகள் எழுதியிருக்கிறார். நான் கொடுத்தது நூற்றைம்பது ரூபாய். அவர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.